கிரிட்டா: ஓவிய, வடிவமைப்பு வகுப்புக்கு ஏற்ற மென்பொருளா?

அடோபி நிறுவனம் 2013இல் தன் வரைகலை மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியபின், கல்லூரி ஆய்வகத்தில் பழகியதை மாணவர் வீட்டில் தொடர மாதந்தோறும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. கணினியில் ஓவியம் வரைவதற்கான கட்டற்ற மென்பொருளான கிரிட்டா இந்தத் தடையை நீக்குகிறது; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது.

துணி வடிவமைப்பு கற்பிப்போருக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தொடர்ந்து வரும் பூவேலையைத் தாளில் அமைக்க, வரைந்ததை நான்காக வெட்டி, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டி, நடுவே விழும் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் போதும்: வலப்புறம் வெளியேறும் கோடு இடப்புறம் நுழைகிறது, வடிவம் திரை முழுவதும் பரவுகிறது. ஆயினும் கத்தரியும் பசையும் கொண்டு ஒருமுறையேனும் செய்து பார்த்த மாணவருக்கே, எந்த இடத்தில் பூக்கள் வரிசைகட்டி நின்று கண்ணை உறுத்தும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே தாள் வேலையை விட்டுவிடக் கூடாது.

கோட்டைச் சீராக்கும் வசதி தொழில்முறை ஓவியருக்கு உதவும். தொடக்க வகுப்பிலோ அது கையின் நடுக்கத்தை மறைத்து, ஆசிரியர் திருத்த வேண்டிய குறையையே கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. முதல் பருவம் முழுவதும் அதை அணைத்து வைப்பது நல்லது. கணினியுடன் இணைத்துப் பேனாவால் வரையும், திரையில்லாத வரைபலகையில் கை மேசையிலும் பார்வை திரையிலும் இருப்பதால் ஏற்படும் தடுமாற்றத்தை எந்த மென்பொருளும் தீர்க்காது. அதற்குப் பயிற்சிதான் வழி. படத்தைப் பன்மடங்கு பெரிதாக்கி ஒரு கண்ணிமையிலேயே மாணவர் மூழ்கிவிடுவது இன்னொரு சிக்கல்; அச்சில் அந்த உழைப்பு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும் என்பதை அவ்வப்போது அச்செடுத்துக் காட்ட வேண்டும்.

அச்சு நிறங்களைத் திரையிலேயே ஒத்திகை பார்க்கும் வசதி இருப்பது பெரிய பலம். எழுத்து அமைப்புதான் பலவீனம். சுவரொட்டிப் பாடத்துக்கு இங்க்ஸ்கேப் என்ற மற்றொரு கட்டற்ற வரைகலை மென்பொருளை உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கணினிகள் உள்ள ஆய்வகங்கள் நினைவகத்தையும் கவனிக்க வேண்டும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஒரு ஏ3 பக்கம் ஏறத்தாழ 1.74 கோடி படப்புள்ளிகள் கொண்டது; ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தாள்கள்போல் அமையும் அடுக்குகளில், முழுவதும் வரைந்த ஒவ்வொன்றும் சுமார் 70 எம்பி நினைவகம் கேட்கும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் ஏ4 அளவிலேயே பயிற்சிகளைக் கொடுப்பது நல்லது.