எச்-இன்டெக்ஸோடு பன்னிரண்டு வருடம்

2013-ல் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் இணையத்தில் ஆய்வாளர் பக்கம் தொடங்கி, எச்-இன்டெக்ஸ் எத்தனை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பேப்பர்களைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து ஆய்வாளருக்குப் போடும் ஒரு எண் அது. அன்று எனக்கு 3. தாவரவியல் துறையில் நான்தான் கடைசி. இப்போது 12. இடையில் நான்கு மடங்கு நல்ல ஆய்வாளனாகிவிட்டேனா என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இது இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த கணக்கு. உங்கள் பேப்பர்களை, மேற்கோள் அதிகம் வாங்கியது மேலே வரும்படி அடுக்குங்கள். தன் வரிசை எண் அளவுக்காவது மேற்கோள் வாங்கிய கடைசி பேப்பர் எதுவோ, அதன் வரிசை எண்தான் விடை. 40, 22, 15, 9, 8, 5, 5 என்று இருந்தால், ஐந்தாவது பேப்பருக்கு 8 இருக்கிறது, ஆறாவதற்கு 6 தேறவில்லை. ஆக, எச்-இன்டெக்ஸ் 5. முதல் பேப்பரின் 40 நாளைக்கு 400 ஆனாலும் அதே 5தான். ஒரே பேப்பரில் பெயர் வாங்கியவரை இது கண்டுகொள்ளாது. அப்புறம், இது ஏறுமே தவிர இறங்காது. எங்கள் துறையில் ஓய்வுபெற்று, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் பேராசிரியருக்கு அதற்குப் பிறகும் 2 கூடியிருக்கிறது.

எனக்கு முதல் தொல்லை பெயரில் வந்தது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஜர்னல் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒரு பேப்பரில் அப்பா பெயரை அங்கே போட்டேன், இன்னொன்றில் என் பெயரை, மூன்றாவதில் வெறும் இனிஷியலை. ஒரு தளத்தில் நான் மூன்று ஆட்களாகக் கிடந்தேன். இன்னொரு தளம் தாராளமாக, என் பெயர்காரர் ஒருவர் கான்கிரீட்டில் சாம்பல் கலப்பது பற்றி எழுதிய ஆறு பேப்பர்களை என் கணக்கில் சேர்த்துவிட்டது. இரண்டு மாதம் என் எண் 9 என்று காட்டியது. நீக்க மனசு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் நீக்கினேன். ஆர்கிட் (ORCID) என்ற, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணை எல்லா இடத்திலும் போடத் தொடங்கிய பிறகுதான் குழப்பம் குறைந்தது. தாவரவியல்காரனுக்கு அந்தப் பூப்பெயரே ஒரு ஆறுதல்.

எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். இலவசத் தளத்தில் 12, சந்தா கட்டும் தளத்தில் 8. முன்னது ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். பின்னது தன் பட்டியலில் உள்ள ஜர்னல்களை மட்டும் பார்க்கும். விண்ணப்பத்தில் எண்ணோடு தளத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுவது நல்லது.

இம்பாக்ட் ஃபேக்டரை நான் பொருட்படுத்துவதில்லை. அது ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக வாங்கும் மேற்கோள், என் பேப்பரின் மதிப்பு அல்ல. ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற ஜர்னலுக்குச் சுமார் 2 இருந்தது, 2009-ல் 49.9 ஆனது. காரணம், படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி அதை உருவாக்கிய வேதியியலாளர் ஷெல்ட்ரிக் 2008-ல் எழுதிய ஒரே கட்டுரை. அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். பக்கத்தில் அச்சான மற்ற கட்டுரைகளும் அந்த 49.9-ஐச் சட்டையில் குத்திக்கொண்டன.

சரி, என் 12 எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு 2020 ஊரடங்கில் ஆறு பேர் சேர்ந்து எழுதிய ஒரு மூலிகைத் தொகுப்புக் கட்டுரையாலும், அதை ஒட்டிய சில கட்டுரைகளாலும். ஒரு சோதனைகூடச் செய்யவில்லை; பிறர் சொன்னதை அடுக்கினோம். 140-க்கு மேல் மேற்கோள். ஒருநாள் உட்கார்ந்து, யார் எப்படி மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ‘இந்தச் செடிக்கு மருத்துவக் குணங்கள் உண்டு [11–19]’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பதினான்காவது. என் எண்கூட அச்சாகவில்லை, அந்தச் சின்னக் கோட்டுக்குள் இருக்கிறேன்.

மூன்று மழைக்காலம் கோவில்காடுகளில் மண் அள்ளி, வேர்ப்பூஞ்சை வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணி எழுதிய பேப்பருக்கு 6 மேற்கோள். அதில் இரண்டு நானே காட்டியவை.

தகவல் அறிவியலாளர் யூஜீன் கார்ஃபீல்டு 1955-ல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை எழுதியபோது, ஒரு கட்டுரையை யார் பின்தொடர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிப் பிடிக்கத்தான் முதலில் நினைத்தார். அந்த வேலைக்கு இந்தத் தளங்கள் அருமையாக உதவுகின்றன; இத்தனை வருடத்தில் நான் ரசித்துப் பயன்படுத்தியதும் அதுதான். மாதம் ஒருமுறை அந்த 6-ஐத் திறந்து பார்ப்பேன்.

சென்ற வருடம் அது 7 ஆனது. வேறு மாவட்டத்துக் கோவில்காடு ஒன்றில் ஒரு ஆராய்ச்சி மாணவி எங்கள் அட்டவணையை வரிக்கு வரி மறுபடி செய்திருக்கிறார். நாங்கள் 105 மைக்ரான் சல்லடையோடு நிறுத்தியிருந்தோம், அவர் 45 வரை இறங்கியிருக்கிறார். எங்கள் வித்து எண்ணிக்கை குறைவாக இருந்ததற்கு, சின்ன வித்துகளை நழுவவிட்ட அந்தச் சல்லடைதான் காரணம் என்று ஒரு முழுப் பத்தி. சரியாகத்தான் சொல்கிறார். மறுநாளே 45 மைக்ரான் சல்லடைக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தேன். எச்-இன்டெக்ஸ் அசையவில்லை.