டாப்சிலிப், பரம்பிக்குளம், தெப்பக்காடு: குடும்பத்தோடு காட்டுக்குள் தங்க எது தோது?

அரையாண்டு லீவோ பொங்கல் லீவோ நெருங்கினால் கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். இன்னும் எத்தனை தடவைதான் ஊட்டியில் ரூம் போடுவது, இந்த வருஷம் காட்டுக்குள்ளேயே தங்கினால் என்ன? வனத்துறை சரணாலயத்துக்குள் கட்டி வாடகைக்கு விடும் காட்டேஜ்களைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும்: ஆனைமலையில் டாப்சிலிப், அதைத் தாண்டினால் கேரளத்தின் பரம்பிக்குளம், முதுமலையில் தெப்பக்காடு.

உடனே எல்லாரும் கேட்பது, "எங்கே மிருகம் அதிகம் பார்க்கலாம்?" என்பதுதான். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மானும் காட்டெருமையும் மூன்று இடத்திலும் உண்டு, புலி மூன்று இடத்திலும் நம்பிக்கை மட்டும்தான். பகலில் டிக்கெட் எடுத்து வேனில் சுற்றுகிறவருக்கும் இதே வாய்ப்பு இருக்கிறது. தங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சாயங்காலம் கேட் மூடிய பிறகு வரும் நேரத்துக்கு. இருட்டியபின் வெளியே நடக்க விடமாட்டார்கள். தாத்தா, பாட்டி, அத்தை குடும்பம், நாலைந்து பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறையப் போகிறவர்களுக்கு அந்த நேரம் எப்படிக் கழியும், சாப்பாடு யார் பொறுப்பு, வெந்நீர் வருமா? நான் இதை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

பரம்பிக்குளத்தில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே அறையை மட்டும் வாடகைக்கு எடுப்பதைவிடத் தங்கல், சாப்பாடு, சஃபாரி, கூட வரும் வழிகாட்டி எல்லாம் சேர்ந்த பேக்கேஜாக எடுப்பதுதான் வழக்கம். ஆனைப்பாடியில் கூடாரக் குடில்கள் இருக்கின்றன. கூடாரம் என்றதும் பாட்டி முகம் சுளிக்க வேண்டாம், கட்டிலும் குளியலறையும் உள்ளேயே உண்டு. தூணக்கடவில் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மரத்தின்மேல் ஒரு குடில் இருக்கிறது. பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். படி ஏற முடியாதவர்கள் கூட இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அணைத் தண்ணீருக்கு நடுவே வீட்டிக்குன்னு என்ற தீவிலும் பங்களா உண்டு. அது நண்பர்கள் கூட்டத்துக்குச் சரி, மாத்திரை டப்பாவோடு வரும் பெரியவர்களுக்கு ஆகாது.

மாலையில் பழங்குடியினர் ஆடிப் பாடும் நிகழ்ச்சியைச் சில பேக்கேஜ்களில் சேர்த்திருப்பார்கள். காடர், மலசர், முதுவர் என்று பல குடியினர் வாழும் காடு அது. வழிகாட்டிகளில் பலரும் அந்த ஊர்க்காரர்கள்தான். நம் வண்டியில் கூட ஏறி வரும் வழிகாட்டி பேச ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் போனைத் தேட மாட்டார்கள். பெரும்பாலான இடத்தில் சிக்னல் கிடைக்காது என்பதும் ஒரு காரணம்தான். கன்னிமாரா தேக்கை எப்படியும் காட்டிவிடுவார்கள். கிட்டத்தட்ட 7 மீட்டர் சுற்றளவு, 48 மீட்டர் உயரம். அதைச் சுற்றிக் கைகோத்து நிற்க ஐந்தாறு பேராவது வேண்டும், குடும்பமாகப் போனதன் பலன் அங்கே தெரியும்.

ஒரு வேடிக்கை. பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு மாவட்டம், ஆனால் கேரளத்துக்காரரே அங்கே வண்டியில் போகப் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் ஆக வேண்டும். உள்ளே இருக்கும் அணைகள் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்தவை, பராமரிப்பது தமிழ்நாடு. இதனால் நமக்கு ஒரு செலவும் வருகிறது: சேத்துமடையில் ஒரு கட்டணம், ஆனைப்பாடியில் இன்னொரு கட்டணம். பைக்கில் வர நினைக்கும் தம்பிமார் வீட்டிலேயே இருக்கட்டும், விடமாட்டார்கள்.

டாப்சிலிப் அதே சாலையில் முன்னால் வந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். வாடகை பரம்பிக்குளம் பேக்கேஜைவிடக் குறைவு, ஏனென்றால் கிடைப்பது அறை மட்டும். சஃபாரிக்குத் தனி டிக்கெட், சாப்பாடு கேன்டீனில். இரவுக்கு இத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மெனு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சர்க்கரைக்காரர் ஒருவர் இருந்தால் இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். காட்டில் தீ மூட்டக் கூடாது, ஆகவே பார்பிக்யூ கனவோடு வரும் மாப்பிள்ளையிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆனால் டாப்சிலிப்பில் உட்காரும் சுகம் மற்ற இரண்டிலும் இல்லை. எதிரே விரிந்த புல்வெளி, அதில் புள்ளிமான், காட்டுப்பன்றி. நாற்காலியைப் போட்டுக்கொண்டு தாத்தா பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம், மிருகம் அவரைத் தேடி வரும். பகலில் ஹியூகோ வுட்டின் கல்லறைக்குப் போய் வாருங்கள். கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டியே மொட்டையாகிப்போன மலையில், கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே நடந்தார் என்று சொல்லப்படும் வெள்ளைக்கார அதிகாரி அவர். 1933-இல் இறந்தவரை அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். கோழிகமுத்தி யானை முகாமுக்கு வனத்துறை வண்டியில் போகலாம். சும்மா இருக்கத் தெரிந்த குடும்பத்துக்கு டாப்சிலிப்பை மிஞ்ச ஒன்றுமில்லை. அரைமணிக்கு ஒரு தரம் "அடுத்து என்ன?" என்று கேட்கும் குடும்பம் அங்கே ஒரே ராத்திரியில் சண்டை போட்டுக்கொள்ளும்.

தெப்பக்காட்டைப் பொறுத்தவரை எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஊட்டி–மைசூர் சாலை அதை ஒட்டியே போகிறது. பகலெல்லாம் கர்நாடகப் பஸ், லாரி, டூரிஸ்ட் வேன். பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் இருப்பதால் அதன்பிறகுதான் மாயாற்றின் சத்தம் தனியாகக் கேட்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் பகல் ஊட்டிக்காரர்களுக்கு, இரவு மட்டும்தான் தங்குகிறவர்களுக்கு.

இருந்தும் சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் தெப்பக்காட்டைத் தள்ளிவிட முடியாது. யானை முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. காலையிலும் மாலையிலும் ராகி, கொள்ளுக் கவளத்தை உருட்டி யானை வாயில் ஊட்டுவதைப் பார்க்கலாம். காட்டில் ஒன்றுமே கண்ணில் படாவிட்டாலும் யானை பார்த்தோம் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளும். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் இதுதான் சுலபம். கூடலூர் பக்கம் என்பதால் மருந்து, டாக்டர் என்றால் அலைய வேண்டாம். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகளைக் கீழ்நோக்கி இறங்க விடுவதில்லை, ஊட்டியிலிருந்து வருகிறவர்கள் கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும்.

"தெப்பக்காட்டுக்குப் பக்கத்து மசினகுடியில் தனியார் ரிசார்ட் எடுத்தால் ஏசி, கேம்ப் ஃபயர் எல்லாம் கிடைக்குமே" என்று யாராவது சொல்வார்கள். வசதி கூடுதல்தான். ஆனால் சீகூர் யானை வழித்தடத்தில் கட்டியவை என்று பல ரிசார்ட்டுகளுக்கு 2018-இல் சீல் வைத்தார்கள், வழித்தடம் செல்லும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. யானை நடக்கும் வழியை அடைத்துக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஆடுவதைவிட வனத்துறைக் காட்டேஜின் மங்கலான பல்பு மேல் என்பது என் கட்சி.

எந்தக் காலம்? டிசம்பர், ஜனவரி மூன்றுக்கும் நல்லது, தெப்பக்காட்டில் மட்டும் ஸ்வெட்டர் கட்டாயம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் சுற்றுலாவையே நிறுத்திவிடுவது உண்டு, முழுப்பரீட்சை லீவை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜூன், ஜூலை மழையில் டாப்சிலிப்பும் பரம்பிக்குளமும் பச்சைப்பசேல் என்றிருக்கும், அட்டையும் இருக்கும். பொங்கலுக்கு என்றால் தெப்பக்காடு, கோழிகமுத்தி இரண்டு முகாமிலும் யானைப் பொங்கல் வைப்பார்கள். அதற்காகவே போகலாம், அதற்காகவே கூட்டமும் வரும். எதற்கு முன்பதிவு செய்தாலும் அரசு இணையதளத்திலேயே செய்யுங்கள். ஒரே பெயரில் சில தனியார் தளங்களும் உலவுகின்றன.

மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிறீர்கள், கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது என்றால் நான் பரம்பிக்குளம் ஆனைப்பாடிக் கூடாரத்தைச் சொல்வேன். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் மட்டும் என்றால் டாப்சிலிப், அதுவும் இரண்டு இரவு. ஐந்து வயதுக்குக் கீழே வாண்டுகள் இருந்தால் தெப்பக்காட்டில் ஒரு இரவு போதும், மறுநாள் மைசூருக்கு விட்டுவிடலாம். கைக்குழந்தையோ, சமீபத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெரியவரோ இருந்தால் மூன்றுமே வேண்டாம். பொள்ளாச்சியிலோ ஆழியாறு பக்கமோ ரூம் போட்டு, டாப்சிலிப்புக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புங்கள். கேட் மூடும் நேரத்தை மட்டும் சேத்துமடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.