டர்போ ஏற்றிய பழைய டாடா 1210 லாரி: ரேடியேட்டர் செப்பா, அலுமினியமா? பெல்ட் ஃபேனா, கரன்ட் ஃபேனா?

டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் 1954-இல் கைகோத்தன, 1969-இல் பிரிந்தன. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த லாரி இன்னமும் 'பென்ஸ் வண்டி'தான். 1210-இல் வந்த 697 எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், 5,675 சி.சி. அதற்கு ஒரு டர்போவை (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியை) மாட்டி, பம்பில் டீசலைக் கூட்டிவிட்டால் இழுவை பிரமாதமாக இருக்கும். ஆனால் கூடுதலாக எரிக்கும் டீசலில் கணிசமான பங்கு சூடாகத் தண்ணீரில்தான் இறங்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கணக்குப் போட்டுச் செய்த ரேடியேட்டர் கத்திரி வெயிலில் இதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

காசை எடுக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெம்பரேச்சர் முள் எங்கே ஏறுகிறது? பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது ஏறி, திருமயம் ரோட்டில் காற்று வாங்கியதும் இறங்கினால் கோளாறு ஃபேன் பக்கம். ஊருக்குள் சும்மா இருந்துவிட்டு, லோடோடு நாற்பது, ஐம்பதில் இழுக்கும்போது மெல்ல மெல்ல ஏறினால் கோருக்கு (தண்ணீர் ஓடும் ட்யூபும், சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய தகடான ஃபின்னும் சேர்ந்த ரேடியேட்டரின் நடுப்பகுதிக்கு) கொள்ளளவு போதவில்லை, அல்லது ட்யூப் அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் ரேடியேட்டர் மாற்றியவர்கள்தான் 'அலுமினியம் போட்டும் கேட்கவில்லை' என்று புலம்புகிறார்கள்.

முதலில் செப்பும் அலுமினியமும். செப்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். 'அப்புறம் என்ன, செப்புதான்' என்று முடித்துவிட முடியாது. செப்பு ரேடியேட்டர் என்று நாம் சொல்வதில் ஃபின் மட்டுமே செப்பு. ட்யூப் பித்தளை, இரண்டையும் பிடித்திருப்பது ஈயப் பற்று. பித்தளையும் ஈயமும் செப்பு அளவுக்குச் சூட்டைக் கடத்தாது. அலுமினியத்தில் ட்யூபை அகலமாக வைக்கலாம், ஃபின்னோடு சேர்த்து உலையில் ஒட்டிவிடுவார்கள், இடையில் ஈயம் கிடையாது. அதனால் நல்ல அலுமினிய ரேடியேட்டர் இரண்டே ட்யூப் வரிசையில் நாலு வரிசைச் செப்புக்குச் சமமாக நிற்கும். எடையும் வெகுவாகக் குறைவு. ஆனால் 1210-இன் மூக்கில் சில கிலோ குறைந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? ரேஸுக்கா போகிறோம்?

எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வழியில் ஒழுகினால் யார் பார்ப்பார் என்பது. ரேடியேட்டரின் மேலும் கீழும் இருக்கும் பித்தளைத் தண்ணீர் டேங்க் விட்டால் தேவகோட்டையிலோ திருப்பத்தூரிலோ ஒரு பட்டறைக்காரர் டார்ச்சைப் பற்றவைத்து, ஆசிட் தடவி, ஈயக் கம்பியை உருக்கி ஓட்டையை அடைத்துவிடுவார். உள்ளே உப்புக் கட்டியிருந்தால் மேல் டேங்கைக் கழற்றி ட்யூபுக்கு ட்யூப் ராடு விட்டுச் சுத்தம் பண்ணலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், அதுவும் டேங்குக்குத்தான் உதவும். நடுக் கோரில் ஊசி ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

அந்த ஊசி ஓட்டை நம் ஊரில் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. போர் தண்ணீர் கடினம், உப்பு. இரும்பு ப்ளாக், அலுமினிய ட்யூப், நடுவே உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரி மாதிரிதான், அரிக்கப்படுவது அலுமினியம். போதாததற்குப் பழைய வண்டியில் எர்த் வயர் சரியில்லாமல் இருந்தால் கரன்ட்டும் தண்ணீர் வழியே பாய்ந்து வேகமாகத் தின்னும். அரிமானத்தை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே 1953 முதல் இருக்கிறது, நாமோ போர் குழாயில் பிடித்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். வளவு வீட்டு முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர் இதற்கு எவ்வளவோ மேல். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் மேல். டிஸ்டில்டும், தண்ணீர் உறையாமலும் துருப்பிடிக்காமலும் காக்கும் கூலன்ட்டும் தவிர வேறெதுவும் உள்ளே போகாது என்று உறுதி சொல்ல முடிந்தவர் அலுமினியம் போடலாம். டிரைவர் கையில் வண்டி இருந்தால் வேண்டாம்.

என் ஓட்டு நாலு வரிசைச் செப்புக் கோருக்கு: பழைய டேங்கையும் ஃப்ரேமையும் வைத்துக்கொண்டு கோரை மட்டும் மாற்றுவது. செப்பு விற்கிற விலைக்கு இதுவும் மலிவில்லை. ஆனால் முகப்பு மாறாது, மவுண்ட் புதிதாக அடிக்க வேண்டாம். கழற்றிய கோரைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள், எடைக்கு நல்ல விலை போகும். (காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பித்தளை அண்டா விற்பவர்களைக் கேட்டால் தெரியும், பித்தளைக்கு வயசே கிடையாது.)

ஃபேனில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஞ்சின் சுற்றும் பெல்ட் ஃபேன்தான் இந்த லாரிக்கு. பன்னிரண்டு வோல்ட் கரன்ட் ஃபேன் ஒன்று முப்பது ஆம்பியர் இழுத்தாலும் 360 வாட், அதாவது அரைக் குதிரைத் திறன்தான். பெரிய டீசலின் பெல்ட் ஃபேன் முழு வேகத்தில் பல குதிரைத் திறனை விழுங்கும். விழுங்குகிற அளவுக்குக் காற்றையும் இழுக்கும். பழைய டைனமோவை வைத்துக்கொண்டு கரன்ட் ஃபேன் போட்டால், ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மெல்ல ஓடும்போது) டைனமோ கரன்ட் கொடுக்காது, அந்த நேரத்தில்தான் ஃபேன் ஓடியாக வேண்டும். ஐடிலிலும் கரன்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால், கூட்ட நெரிசலுக்குத் துணையாக முன்னால் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பெல்ட் ஃபேனுக்கு ஒரு குறை உண்டு. வேகம் இரட்டித்தால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும். சிலிகான் எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் கப்ளிங் போட்டால், ரேடியேட்டர் காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது ஃபேன் வழுக்கிக்கொண்டு மெல்லச் சுற்றும், சூடேறினால் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம், சத்தமும் குறைவு. 1210-இல் அதற்கு இடம் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம்.

இரண்டு ஃபேனையும்விடப் பெரிய விஷயம், யாரும் மதிக்காத அந்தத் தகரக் கூடு. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே இருக்கும் கவுலைத்தான் சொல்கிறேன். பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று கழற்றிய வண்டிகளை இங்கே நிறையப் பார்க்கலாம். கவுல் இல்லாவிட்டால் ரெக்கை நுனியில் காற்று திரும்பி அதே இடத்தில் சுழலும், கோரின் மூலைகள் சும்மா கிடக்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒரு செய்தித்தாள் கால்பக்கத்தை கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். நடுவில் 'பட்' என்று ஒட்டும், மூலைக்கு நகர்த்தினால் தொங்கிவிடும். கவுல் சரியாக இருந்தால் மூலையிலும் ஒட்டும். டிங்கரிங் பட்டறையில் தகரத்தில் அடித்துக்கொள்ளலாம். ரெக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்க வேண்டும்.

இன்டர்கூலரும் (டர்போவிலிருந்து வரும் சூட்டுக் காற்றைக் குளிர்விக்கும் கருவி) போட்டவர்களுக்கு: அதை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்கு வருவதே சூட்டுக் காற்றுதான். நடுவில் செம்மண் தூசியும் வைக்கோல் தும்பும் அடைந்தால் வெளியே தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. செட்டிநாட்டில் தண்ணீர் உறையப் போவதில்லை. பாதிக்குப் பாதி கலவை, லிட்டர் கணக்கில், வெறும் தண்ணீரைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும், துருத் தடுப்பு அதிலேயே வந்துவிடும். ஈயப் பற்று உள்ள ரேடியேட்டர் என்றால் அதற்கு ஒத்துவரும் கூலன்ட்தானா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரை அழுத்தத்தில் வைக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் தன்னிச்சையாக மாற்றாதீர்கள். 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மூடியில் தண்ணீர் சுமார் 111 டிகிரியில் கொதிக்கும், 13-இல் சுமார் 119. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஐம்பது வருடப் பித்தளை டேங்கின் ஓரப் பற்று முதலில் விடும். புதுக் கோர் போடும்போதே பட்டறைக்காரரிடம் கேட்டு, டேங்கையும் அந்த அழுத்தத்துக்குச் சோதித்த பிறகு ஏற்றலாம்.

தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வை) பிடுங்கி எறிகிற பழக்கமும் இங்கே உண்டு. பைபாஸை (ரேடியேட்டரைத் தவிர்க்கும் குழாயை) மூடுகிற வகையென்றால், அதை எடுத்தபின் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் அதே டிகிரியில் புதிது வாங்கி மாட்டுங்கள்.