ஜிப் பாக்கெட்டில் வந்த 'வயிற்று உணவு': வயதான நாய் வைத்திருப்பவர்கள் பார்த்து வாங்குங்கள்

டைகருக்கு 12 வயது முடிந்துவிட்டது. புலி என்று பேர் வைத்தோமே தவிர, பக்கத்து வீட்டுப் பூனை சுவரில் நடந்தால் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வான். 12 கிலோ எடை, கலப்பினம், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் வளர்ந்தவன். சின்ன வயதில் மீன் தலை, காய்ந்த ரொட்டி, கல்யாண வீட்டுச் சோறு என்று எதைப் போட்டாலும் தின்று செரித்துவிடுவான். போன வருஷத்திலிருந்துதான் வயிறு தகராறு. வாரத்தில் இரண்டு நாள் இளகிப் போகும். ராத்திரியில் வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். விடிந்ததும் புல்லைத் தேடிப் போவான்.

இந்தத் தைப்பூசத்தின்போது யாரோ பாசமாகத் தண்ணீர்ப் பந்தல் சாம்பார் சோற்றை அவனுக்கு வைத்துவிட்டார்கள். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்தார். இனி இவனுக்குக் கொழுப்புக் குறைந்த, சீக்கிரம் செரிக்கிற உணவுதான், அதையும் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள் என்றார். கிளினிக்கிலேயே அந்த உணவு இருந்தது. ஒன்றரைக் கிலோ பை 92 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இவன் தின்கிற அளவுக்கு மாதம் நாலு பை வேண்டும். கணக்குப் போட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கேதான் என் புத்தி தடம் மாறியது. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு செல்லப்பிராணிக் கடையில் எல்லாம் மலிவு என்று கேள்விப்பட்டு, கிளினிக் பையைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "அதே சாப்பாடுதான்க்கா. பெரிய சாக்குல வாங்கி நாங்களே ரீபேக் பண்ணுறோம். கிலோ 28 வெள்ளி." கிலோ 61 வெள்ளிச் சாமான் 28-க்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மலிவு என்றால் நமக்குக் காது அடைத்துவிடுகிறது.

கடைக்குப் போனால் அந்தத் தம்பி அவ்வளவு மரியாதை. டைகரின் வயதைக் கேட்டார், எத்தனை தடவை வெளியே போகிறான் என்று கேட்டார், அச்சச்சோ என்றார். மூன்று கிலோ ஜிப் பாக்கெட்டில் எடுத்துக் கொடுத்தார். பாக்கெட்டின் மேல் மார்க்கர் பேனாவில் 'சீனியர் - ஸ்டமக்' என்று கையால் எழுதியிருந்தது. கூடவே நாலு டின் ஈர உணவு: "பாருங்கக்கா, கொழுப்பு ஆறு பர்சென்ட்தான், கிளினிக் சாப்பாட்டைவிடக் கம்மி." வயிற்றுக்கு நல்லது என்று ஓர் ஆட்டுப்பால் பவுடர். பொழுதுபோகக் கடிக்க ஒரு மாட்டுத்தோல் எலும்பு. மொத்தம் 157 வெள்ளி. "படிப்படியா மாத்தணுமா தம்பி?" என்று கேட்டதற்கு, "ஒரே சாப்பாடுதானேக்கா, இன்னைக்கே மாத்திடுங்க" என்றார்.

நாலாவது நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஹாலில் நகம் உரசும் சத்தம். எழுந்து விளக்கைப் போட்டால், டைகர் முன்னங்கால் இரண்டையும் நீட்டி நெஞ்சைத் தரையில் அழுத்திக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கிறான். விளையாடக் கூப்பிடும்போது நாய்கள் இப்படித்தான் நிற்கும், பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர்கூட "விளையாடக் கூப்பிடுறான்" என்றார். ஆனால் வால் ஆடவில்லை. அப்படியே நிற்கிறான், எழுந்து இரண்டடி நடக்கிறான், திரும்பவும் அதே நிலை. அப்புறம் மஞ்சளாக வாந்தி. விடிவதற்குள் ஐந்து தடவை. உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தேன்; வழவழப்பாக இருக்க வேண்டியது விரலில் பசை மாதிரி ஒட்டியது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அப்படி ஆகும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். அந்த நிற்கும் நிலையும் வயிற்றுவலியின் அடையாளமாம். வயதான நாய் அப்படி நின்று வாந்தியும் எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கணைய அழற்சி. கணையம் சுரக்கிற செரிமான நீர் குடலுக்குப் போய்ச் சேருமுன்பே வேலை செய்ய ஆரம்பித்துக் கணையத்தையே அரிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். இரண்டு நாள் டிரிப், வலிக்கு ஊசி, வாந்திக்கு ஊசி. 840 வெள்ளி. பிழைத்துக்கொண்டான்.

இரண்டாவது நாள் டாக்டர் அந்த ஜிப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். கிளினிக் உணவு உருண்டை ஐந்து, பாக்கெட் உருண்டை ஐந்து, இரண்டையும் தனித்தனி டிஷ்யூவில் வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கினார். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான், வடிவம் வேறு. பத்து நிமிஷம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், கிளினிக் உணவு இருந்த தாளில் லேசான கறை. பாக்கெட் உணவு இருந்த தாளில் வடை வைத்த பேப்பர் மாதிரி எண்ணெய் வட்டம். "மோந்து பாருங்க" என்றார். பழைய பலகாரத்தில் வருமே, அந்தச் சிக்கு வாடை. நாலு நாளாக என் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டர் நியாயமான மனுஷி. உணவுதான் காரணம் என்று எழுதித் தர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வயதான நாய்க்குக் காரணம் தெரியாமலும் இது வருமாம். ஆனால் கொழுப்பு அதிகமான தீனியால் வருவது நிறைய என்றார்.

நேரே கடைக்குப் போனேன். அந்தத் தம்பி வேறு ஒருவருக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் வாய் திறந்த சாக்கு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குவளை. சாக்கின் மேல் குட்டி நாய்ப் படம். அடியில் சின்ன எழுத்தில் கொழுப்பு குறைந்தபட்சம் 20 சதவீதம் என்று போட்டிருந்தது. கிளினிக் பையில் இருந்தது 7. வளரும் குட்டிக்கு அந்த 20 தேவைதான், சாக்கின் மேல் குற்றம் இல்லை. அதை அள்ளிப் போட்டு 'சீனியர் - ஸ்டமக்' என்று எழுதிய கைதான் குற்றம்.

"தம்பி, இதையா எனக்குக் குடுத்தீங்க?" என்றேன். முதலில் வேறு சாக்கு என்றார். அப்புறம் வயிற்றுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார். கடைசியில் ரசீது இருக்கிறதா என்று கேட்டார். ரசீதில் 'பெட் புட்' என்று மட்டும்தான் அச்சாகியிருந்தது. ஆனால் அவர் அனுப்பிய வாட்சப் செய்தி இருந்ததே, "அதே சாப்பாடுதான்க்கா" என்று. அதைக் காட்டியதும் முகம் மாறியது. பணம் மட்டும் வரவில்லை.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நாமே வழக்குப் போடலாம் என்பது எனக்கு இதுவரை தெரியாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம். பதிந்தேன். விசாரணைக்கு முன்பே கடையிலிருந்து போன் வந்தது, 157 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 840 வெள்ளிக்கு மாட்டேன் என்றார்கள். உணவுதான் காரணம் என்று கையில் கடிதம் இல்லாததால் நான் அதோடு விட்டுவிட்டேன். நான் விட்டது சரியா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. கடைப் பேரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அடுத்த தெருவில் இதே பாக்கெட்டை வாங்கினால் என்ன லாபம்?

அந்த ஆறு பர்சென்ட் டின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் பொய்யே கிடையாது. டின்னில் உண்மையாகவே 6 என்றுதான் இருந்தது. ஆனால் அதே டின்னில் ஈரப்பதம் 78 சதவீதம். தண்ணீரைக் கழித்தால் மிச்சம் 22 பங்கு, அந்த 22-இல் 6 கொழுப்பு. அதாவது 27 சதவீதம். உலர் உணவுக்கும் இதே கணக்குதான்: 7 கொழுப்பு, ஈரம் 8 என்றால், மிச்ச 92-இல் 7, எட்டு சதவீதம்கூட வராது. ஆக, கிளினிக் உணவைவிடக் கம்மி என்று தம்பி காட்டிய டின்னில் மூன்று மடங்குக்கு மேல் கொழுப்பு. டாக்டர் இதைப் பழைய மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார். அந்தச் சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

'சீனியர்' என்ற சொல்லுக்கும் நான் நினைத்த மதிப்பு இல்லை. நம் கடைகளில் கிடைக்கிற பல பைகளில் அஃப்கோ என்ற அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் பெயர் இருக்கும். அவர்கள் வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், வளர்ந்த நாய்க்கு ஓர் அளவு. வயதான நாய்க்கென்று தனி அளவு கிடையாது. அதனால் ஒரு 'சீனியர்' பையில் கொழுப்பு 8 இருக்கலாம், இன்னொன்றில் 16 இருக்கலாம். முன்பக்கத்து நாய்ப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்து எண்களைப் பாருங்கள். ரீபேக்கில் அந்தப் பின்பக்கமே இருக்காது. காலாவதித் தேதி இல்லை, தொகுதி எண் இல்லை, எந்தச் சாக்கு, எப்போது திறந்தது, ஒன்றும் தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் சாக்கில் கொழுப்பு சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும்.

மாட்டுத்தோல் எலும்பைக் குப்பையில் போட்டேன். லேசில் செரிக்காது, பெரிய துண்டாக விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். ஆட்டுப்பாலில் மாட்டுப்பாலைவிட லாக்டோஸ் கொஞ்சம்தான் குறைவு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அதுவே வயிற்றைக் கலக்கப் போதும். வயிற்றுப்போக்குக்குப் பேதி மருந்தையே விற்றிருக்கிறார்!

வீட்டுக்கு வந்த முதல் சில நாள் கஞ்சிதான். பச்சரிசியைக் குழைய வடித்து, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்புக்கூடப் போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் குளிர்பெட்டியில் வைத்து மேலே உறைகிற கொழுப்பை வழித்தெடுத்த பிறகு கலந்தேன். வெங்காயமும் பூண்டும் சமைத்தாலும் பொடித்தாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நம் வீட்டுக் குழம்பு, ரசம் எதுவும் ஆகாது. மாமியார் "ஒரு பூண்டுப் பல் போட்டா வாய்வு போகும்" என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். கஞ்சியும் நாள் கணக்குக்குத்தான், அதில் சுண்ணாம்புச் சத்து போன்ற பலது கிடையாது. அப்புறம் கிளினிக் உணவை முதலில் கால் பங்கு, பிறகு பாதி என்று கலந்து பத்து நாளில் முழுசாக மாற்றினோம்.

தின்பண்டம் ஒரு நாள் உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. டைகர் அளவு நாய்க்கு 60 கலோரி. ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயே 90-ஐத் தாண்டும், பாதி கொழுப்பு வேறு. சில புட்டிகளில் ஸைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள், அது நாய்க்கு விஷம். இப்போது அவனுக்கு அவித்த மஞ்சள் பூசணித் துண்டு, இல்லாவிட்டால் அவன் சாப்பாட்டிலிருந்தே நாலு உருண்டையை எடுத்துத் தனியாக நீட்டுகிறோம். அதையே விருந்து மாதிரி வாங்கித் தின்கிறான். மாதம் 368 வெள்ளி செலவாகிறது. என் வீட்டுக்காரர் அஸ்ட்ரோ டிவிச் சந்தாவை நிறுத்திவிட்டார்.

போன சனிக்கிழமை அந்தக் கடைப் பக்கம் போக வேண்டியிருந்தது. வாசலில் ஒரு பாட்டி கிராப் காருக்காகக் காத்திருந்தார், கையில் அதே ஜிப் பாக்கெட், அதே மார்க்கர் எழுத்து. யாருக்கு என்று கேட்டேன். வீட்டில் 14 வயது நாய், பல் இல்லை, வயிறு சரியில்லை என்றார். "பாட்டி, கொஞ்சம் திருப்பிப் பாருங்க, பின்னால என்ன போட்டிருக்கு?" என்றேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெறும் பிளாஸ்டிக். அந்தப் பக்கத்திலும் உருண்டைகள்தான் தெரிந்தன.