ஈஸ்டர் ஆப்பத்துக்கு எது: கள்ளா, ஈஸ்டா, தேங்காய்த் தண்ணியா, உளுந்தா?

எங்கள் வீட்டில் ஈஸ்டர் காலையில் இலையில் உட்காருபவர்கள் 22 பேர். மாமி, அவர்களுடைய மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரு நாத்தனார் குடும்பம், எல்லார் பிள்ளைகளும், அது போக என் அம்மாவும் தம்பியும். தலைக்கு நாலு ஆப்பம் என்றாலும் 90 பக்கம் வரும். ஒரு கிலோ அரிசிக்கு 25லிருந்து 30 ஆப்பம் வரும். ஆக மூன்றரைக் கிலோ பச்சரிசி ஊறப் போட்டாக வேண்டும். நாற்பது நாள் தவக்காலம் கவிச்சி தொடாமல் இருந்துவிட்டு வருகிற முதல் காலை அது. ஆட்டுக்கறி அடுப்பில் மணக்கும்போது மாவு பொங்காமல் கிடந்தால் அந்த வருஷம் முழுக்க அதே பேச்சாகத்தான் இருக்கும்.

மாவு பொங்க எதைச் சேர்ப்பது என்பதுதான் இந்த வீட்டில் தீராத வழக்கு. நான் நாசரேத் பக்கத்துப் பெண், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கட்டிக்கொடுத்தது நாகர்கோவில் பக்கம், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடு. பிறந்த வீட்டில் ஆப்பம் என்றால் உளுந்தும் வெந்தயமும் போட்டு ஆட்டுவது. இங்கே வந்து முதல் தடவை உளுந்தை ஊறப் போட்டபோது மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “தோசைக்கா மக்ளே?” என்று கேட்டார்கள். இருபது வருஷம் ஆகிறது. கள் போக மற்ற மூன்று வழியையும் பலமுறை செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் கள். ருசியில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று மாமி சத்தியம் செய்வார்கள். நானும் ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன், திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில். லேசான இனிப்பு, அதற்குப் பின்னால் ஒரு புளிப்பு, நடுவே பஞ்சு. பனங்கள்ளோ தென்னங்கள்ளோ, அதில் ஈஸ்ட் தானாகவே பெருகிக் கிடக்கிறது. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது, மாவு எழும்புகிறது. மாமியின் சின்ன வயதில் காலையில் பனையேறி இறங்கி வருகிறவர் ஒரு சிரட்டைக் கள்ளை வாசலில் வைத்துவிட்டுப் போவாராம். ஒரு சிரட்டை போதும், ஒரு கிலோ அரிசி மாவு பொங்கிவிடும். குடிக்காத வீட்டிலும் ஆப்பத்துக்குக் கள் வரும், யாரும் தப்பாக நினைத்ததில்லை.

1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. அத்தோடு முடிந்தது கதை. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு, ஆனால் அதைப் பாட்டிலில் ஊற்றி எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் போலீஸ் கேஸ். ஆப்பத்துக்குத்தான் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கள்ளை ஒப்பீட்டில் சேர்ப்பதே மாமியின் மனத்திருப்திக்காகத்தான்.

பதநீர் ஊற்றினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில்தான் வரும், அப்போது தேரிக்காட்டில் பதநீர் கொட்டுகிற காலம். ஒரு வருஷம் தம்பி உடன்குடிப் பக்கமிருந்து ஒரு கேன் கொண்டுவந்தான். நானும் புத்திசாலித்தனமாக அதை ஊற்றி மாவு கரைத்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மாவு குளத்துத் தண்ணி மாதிரி அசையாமல் கிடக்கிறது. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கத்தானே கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள்! அந்தச் சுண்ணாம்பு என் மாவையும் புளிக்க விடவில்லை. அன்றைக்கு 22 பேருக்கும் இடியாப்பம்.

தேங்காய்த் தண்ணிக்கு வருகிறேன். கள் போன பிறகு மாமி பிடித்துக்கொண்ட வழி இது. முற்றின தேங்காய் உடைக்கிற தண்ணியைப் பிடித்து, ஒரு கரண்டி சீனி போட்டு, ஒரு நாள் வெளியே வைத்தால் நுரை கட்டும். அந்தத் தண்ணியை ஊற்றி அரிசியும் தேங்காயும் ஒரு கை சோறும் சேர்த்து அரைக்க வேண்டும். பெரிய குடும்பத்துக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஸ்டூவுக்கும் ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற பாலுக்கும் எப்படியும் எட்டுத் தேங்காய் உடைக்கிறோம், தண்ணி சும்மா கிடைக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அரைத்து மூடிவிட்டால் இரவெல்லாம் தானாகப் பொங்கும், யாரும் விழித்திருக்க வேண்டாம். ருசியும் கள்ளுக்கு அடுத்தபடி.

சிக்கல் இரண்டு. சனிக்கிழமை சாயங்காலம் தண்ணி நுரைத்து நிற்க வேண்டும் என்றால் தேங்காயை வெள்ளிக்கிழமை உடைக்க வேண்டும். அது பெரிய வெள்ளி. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கஞ்சியும் பயறும் தவிர அடுப்பில் எதுவும் ஏறாது, கிரைண்டர் சத்தம் கேட்கக் கூடாது. தேங்காய் உடைக்கிற சத்தம் அதில் சேருமா சேராதா என்று மாமியும் நாத்தனாரும் ஒரு மணி நேரம் விவாதித்தது உண்டு. (சேராது என்று தீர்ப்பு. ஆனால் கொல்லைப்புறத்தில் வைத்து உடைக்க வேண்டும்.) இரண்டாவது, இதை நம்ப முடியாது. காற்றில் இருக்கிற ஈஸ்ட் வந்து விழுந்தால்தான் உண்டு. ஒரு வருஷம் பொங்கி நிற்கும், மறு வருஷம் வெறும் புளிப்பு வாடை அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். சித்திரை வெக்கையில் சரியான நேரம் ஒரு மணி தப்பினாலும் ஆப்பம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. நாலு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆப்பம் என்றால் இதையே சொல்வேன், போனால் போகிறது, தோசை வார்த்துக்கொள்ளலாம். 22 பேரை வைத்துக்கொண்டு சூதாட முடியாது.

உளுந்து, வெந்தயம், ஆப்ப சோடா. பெயரிலேயே ஆப்பம் இருக்கிறது, அதனால்தான் நான் பிறந்த ஊர்க் கட்சி! பச்சரிசியும் புழுங்கலரிசியும் சரிபாதி, எட்டுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ராத்திரி ஆட்டி உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் காலையில் இட்லி மாவு மாதிரியே புளித்திருக்கும். சோடாவை ஊற்றப் போகிற நேரத்தில்தான் போட வேண்டும். புளிப்போடு சேர்ந்ததும் அது காற்றை விட ஆரம்பித்துவிடும், ராத்திரியே போட்டால் காலைக்குள் எல்லாக் காற்றும் போயே போய்விடும். இந்த மாவு ஒரு நாளும் கைவிட்டதில்லை. இரண்டு மணி நேரம் முந்தினாலும் பிந்தினாலும் தாங்கும். மிஞ்சினால் சாயங்காலம் பணியாரம்.

ஆனாலும் என் கட்சி தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 11 மணிக்கு எழுந்து வருகிற காலேஜ் பிள்ளைகள். அதற்குள் ஆப்பம் ஆறி, சோடா ஆப்பம் ரப்பர் மாதிரி இழுக்கும். ஈஸ்ட் போட்டதும் தேங்காய்த் தண்ணி போட்டதும் மதியம் வரை மெத்தென்று இருக்கும். ஓரத்து முறுகலும் சோடாவில் அந்த அளவுக்கு வலை வலையாக வராது. அவசரத்தில் கை கூடிப்போனால் மஞ்சள் நிறமும் சோப்பு வாடையும் வேறு.

கடைசியில் ஈஸ்ட். ஈஸ்டருக்கு ஈஸ்ட் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஆனால் மேசையில் இருக்கிற ஆப்பம் அதில் செய்ததுதான். இதில் இரண்டு வகை. பெரிய குருணையாக இருப்பதை வெதுவெதுப்பான தண்ணியில் சீனி கலந்து போட்டு, பத்து நிமிஷத்தில் நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். நுரைக்கவில்லை என்றால் செத்துப்போன ஈஸ்ட், மாவில் சேர்க்காதீர்கள். பொடியாக இருக்கிற இன்ஸ்டன்ட் வகையை நேரே மாவில் கலக்கலாம். மூன்றரைக் கிலோ அரிசிக்கு இரண்டு டீஸ்பூன் போதும், சித்திரையில் அதற்கும் குறைவு. கூடினால் ரொட்டிக்கடை வாடை அடிக்கும், மாமி முகத்தைச் சுளிப்பார்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், அது ஈஸ்டின் வேகத்தை அடக்கும்.

இதிலும் ஒரு விபத்து நடந்தது. அரைத்த மாவில் இரண்டு கரண்டி எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து மாவோடு சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம், ஆப்பம் மெத்தென்று வர அதுதான் காரணம். ஒரு வருஷம் மூத்த அக்கா (கொழுநன் வீட்டு மூத்த மருமகள்) அவசரத்தில் அந்தக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஈஸ்ட் மேலேயே ஊற்றிவிட்டார்கள். 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது. கை பொறுக்கிற சூடு, அவ்வளவுதான் கணக்கு.

ருசியில் இரண்டாம் இடத்துக்கும் கீழே இருக்கிற ஈஸ்ட் எப்படி ஜெயித்தது என்றால், கடிகாரத்தால்தான். எங்கள் வீட்டு ஆர்.சி. பாதி சனிக்கிழமை இரவு 11 மணிக்குப் பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டர் இரவுப் பூசைக்குப் போகும். புதுத்தீ மந்திரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, வாசகங்கள் தொடங்கும். ஃபாதர் ஒன்பது வாசகத்தையும் வாசிக்க வைத்தால் வீடு திரும்ப இரண்டு மணி ஆகும், குறைத்தால் ஒன்றரை. சி.எஸ்.ஐ. பாதி, அதாவது நானும் அம்மாவும் தம்பியும், மூன்றரைக்கு எழுந்து நாலரை ஆராதனைக்குப் போக வேண்டும். திரும்ப ஆறரை. ஆப்பம் ஊற்றுவது ஆறே முக்காலுக்கு.

ஈஸ்ட் போட்ட மாவு சித்திரை இரவில் நாலு, ஐந்து மணி நேரத்தில் உச்சிக்கு வந்துவிடும். கோயிலுக்குப் போகுமுன் பத்து மணிக்குக் கலந்தால் ஆறே முக்காலுக்குள் பொங்கி, புளித்து, வடிந்துவிடும். முதல் வருஷம் அப்படித்தான் கலந்தோம். விழிப்பு முடிந்து வந்து விளக்கைப் போட்டால் சருவத்து மூடி மாவின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, மேடையிலிருந்து தரை வரை வெள்ளைக் கோடு. பாதி மாவைத் துடைத்துத்தான் எடுத்தோம். அப்போதிருந்து மாவை மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். தூங்கப் போகும்போது வெளியே எடுத்து வைத்துவிடுவது என் பொறுப்பு, இல்லாவிட்டால் கஞ்சியை ஊற்றினாலும் குளிர் விடாது. ஈஸ்ட் கலப்பது விழிப்பு முடிந்து ஒன்றரை, இரண்டு மணிக்கு வருகிற ஆர்.சி. கட்சியின் வேலை. அவர்கள் எப்படியும் பசியோடு விழித்துத்தான் இருப்பார்கள். ஊற்றுவது காலையில் வருகிற எங்கள் வேலை. இரண்டு சபை இல்லாத வீட்டில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அலாரம் வைக்க வேண்டியதுதான்.

மேலே ஒரு டம்ளர் தேங்காய்த் தண்ணியும் ஊற்றுவோம். மாமிக்காக என்று சொல்லிக்கொள்வது, உண்மையில் அந்த இனிப்பு எனக்கே பிடித்துப்போய்விட்டது.

சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சட்டியில்தான் முறுகல் நன்றாக வரும், ஆனால் எண்ணெய் குடித்துப் பழகியிருக்க வேண்டும், முதல் நாலு ஆப்பம் காக்காய்க்கு. நான்ஸ்டிக் யார் கையிலும் வரும். ஒரு ஆப்பம் மூடி வேக இரண்டு நிமிஷம், ஒரே சட்டி என்றால் 90 ஆப்பத்துக்கு மூன்று மணி நேரம். எனவே மூன்று சட்டி: இரும்பு மாமிக்கு, நான்ஸ்டிக் இரண்டும் மருமகள்களுக்கு.

பொங்கின மாவைக் கரண்டி விட்டுக் கலக்கினால் காற்றெல்லாம் போய் வலை விழாது. ஓரமாகக் கோரி எடுக்க வேண்டும். இது தெரியாமல் என் தம்பி அதிகாலையில் தண்ணி குடிக்க வந்தவன் ஒரு தடவை நன்றாகக் கிண்டி வைத்துவிட்டான், உதவியாம். அதனால் இப்போது விழிப்பு முடிந்து வருகிற அக்கா மூடியின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். மூன்றரைக்கு நான் சமையலறை விளக்கைப் போட்டால் முதலில் கண்ணில் படுவது அதுதான்: “1.45. கிண்டாதே. அல்லேலூயா.”