அக்ரிலிக் நகத்துக்கு மேல் எது போடலாம்: ஜெல் டாப் கோட்டா, ஜெல் நிறமா, சாதா பாலிஷா, பஃபிங்கா?

அக்ரிலிக் வைத்து, வடிவம் தேய்த்து முடித்த நகத்துக்குப் பளபளப்புக் கொடுக்க நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பஃபரால் தேய்த்தே மெருகேற்றலாம். சாதா நெயில் பாலிஷ் போடலாம். நிறமற்ற ஜெல் டாப் கோட் மட்டும் போட்டு விட்டுவிடலாம். இல்லையென்றால் ஜெல் பாலிஷில் நிறம் கொடுத்து அதன்மேல் டாப் கோட் போடலாம். எது அதிக நாள் மின்னும் என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, போட்டதை எப்படி எடுக்கப் போகிறோம் என்பது. ஜெல் பாலிஷை இளக்கும் அசிட்டோன், அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் சேர்த்தே இளக்கும். இயற்கை நகத்தில் ஜெல் போட்டு, ஊறவைத்துச் சுரண்டி எடுக்கும் முறை இங்கே செல்லாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டாலே தேர்வு பாதி முடிந்துவிடும்.

அடியில் இருப்பது வேறு, மேலே வருவது வேறு

அக்ரிலிக்கும் ஜெல்லும் வேதியியலில் உறவுக்காரர்கள்தான். இறுகும் விதம்தான் வேறு. அக்ரிலிக்கில் எத்தில் மெத்தாக்ரிலேட் திரவமும், பென்சாயில் பெராக்சைடு கலந்த பொடியும் சேர்ந்ததும் வினை தானாகத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் பிரஷ் காம்பால் தட்டினால் ‘டிக்’ என்று கேட்கும். அது தேய்க்கலாம் என்பதற்கான அடையாளமே தவிர, முழுவதும் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே வினை முடிய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். ஜெல்லில் இருக்கும் ஒளித்தூண்டி, யூவி அல்லது எல்இடி லேம்பின் வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும்.

இறுகிய அக்ரிலிக்கின் மேல் ஜெல் பெரும்பாலும் நிற்பது பிடிமானத்தால்தான். ஃபைல் போட்ட மெல்லிய கீறல்களுக்குள் ஜெல் இறங்கி, அங்கேயே கெட்டியாகி, கவ்விக்கொள்கிறது. ஆகவே விலை உயர்ந்த பாட்டிலைவிட ஃபைல் வேலைதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

தேய்ப்பது, துடைப்பது

நான்கு வழிகளுக்கும் தொடக்கம் ஒன்றே: 100 கிரிட்டில் வடிவம், 180 கிரிட்டில் மேற்பரப்பைச் சீராக்குதல் (கிரிட் என்பது ஃபைலின் சொரசொரப்பு எண், எண் ஏற ஏற மென்மை). அங்கிருந்து வழிகள் பிரிகின்றன. ஜெல் நிறம் போடுவதானால் 180 போதும், அதற்குமேல் மென்மையாக்க வேண்டாம். நிறமற்ற டாப் கோட் மட்டும் என்றால் 240 கிரிட் பஃபரால் லேசாக ஒரு சுற்று போடலாம். அதையும் தாண்டி மெருகேற்றினால் ஜெல்லுக்குப் பிடிக்க இடமிருக்காது. ஓரத்திலிருந்து பின்வாங்கித் திட்டுத்திட்டாகக் கூடும்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தேய்த்து முடித்த நகத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே விளக்கடியில் பாருங்கள். ஈரத்தில் மறையும் கீறல்கள் நிறமற்ற ஜெல்லுக்கு அடியிலும் மறைந்துவிடும். ஈரத்திலும் கோடாகத் தெரிவது 100 கிரிட்டின் ஆழமான கீறல். அதை டாப் கோட் மறைக்காது, மறுபடி 180 போட வேண்டும். ஈரம் காய்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள். நகம் முழுக்க ஒரே மங்கல் வெண்மையாக இருக்க வேண்டும். க்யூட்டிக்கிள் (நகம் தொடங்கும் இடத்துத் தோல்) ஓரத்திலோ பக்கவாட்டு மடிப்பிலோ மினுங்கும் புள்ளி தெரிந்தால், அங்கே ஃபைல் படவில்லை. இரண்டாவது வாரத்தில் ஜெல் கிளம்புவது அநேகமாக அந்த இடத்திலிருந்துதான்.

தூசியை முதலில் பிரஷால் தட்டி, பிறகு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால், நூல் பிரியாத துணியில் துடைக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு டாப் கோட்டில் முடிபோலத் தெரியும். க்யூட்டிக்கிள் எண்ணெய் எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். ஏற்கெனவே எண்ணெய் பட்ட பஃபரை இந்தக் கட்டத்தில் எடுத்தால் அதுவரை செய்த துடைப்பு வீண். துடைத்த நகத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் அப்படித்தான்.

ஒட்டும் திறனுக்காக முதலில் பூசும் ப்ரைமர் இயற்கை நகத்துக்கானது, அக்ரிலிக் மேல் பூசிப் பலனில்லை. ரீஃபிலுக்கு (நகம் வளர்ந்து விட்ட இடைவெளியை நிரப்ப) வந்தவரின் நகத்தில் க்யூட்டிக்கிள் பக்கம் இயற்கை நகம் வெளியே தெரிந்தால், அங்கே அக்ரிலிக் நிரப்பிச் சமன் செய்த பிறகே ஜெல்லுக்குப் போக வேண்டும். இடைவெளியை ஜெல் பாலிஷால் மூடி மறைப்பது, சில நாளில் தூக்கிக்கொண்டு வரும் வேலை.

பஃபிங்கும் சாதா பாலிஷும்

பஃபிங்கில் 240, 400, 1000, அதற்குமேல் மெருகுப் பட்டை எனப் படிப்படியாக ஏறினால் கண்ணாடி மாதிரி மினுங்கும். லேம்ப் வேண்டாம், கூடுதல் ரசாயனமும் இல்லை. ஆனால் பளபளப்பு சில நாளில் மங்கிவிடும், வெறும் அக்ரிலிக் வெயிலிலும் சாயத்திலும் மஞ்சளாகும். ஜெல்லுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது மாற்றுவழி என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அக்ரிலிக்கும் அதே மெத்தாக்ரிலேட் குடும்பம்தான். ஒவ்வாமை உறுதியானவர்கள் இரண்டையுமே தவிர்க்க வேண்டும்.

சாதா பாலிஷ் கரைப்பான் ஆவியாகிக் காய்வது. ஒரு வாரத்துக்குள் நுனியில் தேய ஆரம்பிக்கும். வாரம் ஒரு நிறம் மாற்றுபவர்களுக்கு இதைவிட வசதியானது கிடையாது. அசிட்டோன் இல்லாத ரிமூவரால் எடுத்தால் அக்ரிலிக் பத்திரமாக இருக்கும். அசிட்டோன் ரிமூவரை மறுபடி மறுபடி பயன்படுத்தினால் மேற்பரப்பு மங்கி, பிசுபிசுத்து, நிறத்தை உறிஞ்சத் தொடங்கும்.

நிறமற்ற ஜெல் டாப் கோட்: எந்த வகை?

இங்கே இரண்டு தேர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, துடைக்க வேண்டியதா, துடைக்கத் தேவையில்லாததா. இரண்டாவது, அசிட்டோனில் ஊறி வருவதா, ஃபைலால் மட்டுமே போவதா.

காற்றிலிருக்கும் ஆக்சிஜன் ஜெல்லின் மேல்தோலை இறுக விடாது. அதனால் லேம்பிலிருந்து எடுத்ததும் ஒரு பிசின் படலம் நிற்கும். சில விநாடி ஆறவிட்டு, ஆல்கஹாலால் துடைத்தால் அடியில் பளபளப்பு இருக்கும். ஒரு நகம் துடைத்த பக்கத்தாலேயே அடுத்த நகத்தைத் துடைத்தால் இறுகாத பிசின் பரவி, நகம் மங்கும், தோலிலும் படும். ஒவ்வொரு நகத்துக்கும் துணியின் சுத்தமான பக்கம் வேண்டும். துடைக்கத் தேவையில்லாத நோ-வைப் வகையில் இந்த வேலை இல்லை, குரோம் பொடி தேய்க்கவும் அதுதான் வேண்டும். ஆனால் அது இறுகிய பிறகு இன்னொரு பூச்சு தேவைப்பட்டால் பிடிக்கப் பிசின் படலம் இருக்காது. மறுபடி லேசாக ஃபைல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது கடினத்தன்மை. ஊறி வரும் டாப் கோட் மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். ஃபைலால் மட்டுமே போகும் ஹார்டு ஜெல் டாப் கோட்டில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் அசிட்டோன் உள்ளே நுழையாது, கீறலும் சாயமும் குறைவு. அக்ரிலிக் மேல் இரண்டில் எது என்றால், ஹார்டு வகைக்கே எங்கள் வாக்கு. ஊறவைக்கும் வசதி அக்ரிலிக் மேல் எப்படியும் பயன்படாது என்னும்போது, அதற்காக உறுதியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒரே நிபந்தனை, அடியில் இருப்பதும் விறைப்பாக இருக்க வேண்டும். நடுவில் தடிமனான ரப்பர் பேஸ் (வளையும் தன்மையுள்ள அடிப்பூச்சு ஜெல்) போட்டு, மேலே ஹார்டு டாப் கோட் போட்டால், வளையும் அடுக்கின் மேல் வளையாத அடுக்கு நின்று மயிரிழை விரிசல் விடும்.

இன்னொரு பயனும் உண்டு. நிறமற்ற ஹார்டு டாப் கோட் போட்ட அக்ரிலிக்கின் மேல் சாதா பாலிஷை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ரிமூவர் அக்ரிலிக்கைத் தொடாது, அடர் சிவப்பும் கறை விடாது. நிறம் அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இந்தக் கூட்டணியைத்தான் முதலில் சொல்வோம்.

ஜெல் நிறம் போடும்போது

நிறத்துக்கு அடியில் பேஸ் கோட் வேண்டுமா என்பதில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 180 கிரிட்டில் ஒழுங்காகத் தேய்த்த அக்ரிலிக்குக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, நியான் போல நிறமி மிகுந்தவற்றில் பிசினின் பங்கு குறைவு, அவற்றுக்கு ஒட்டும் திறனும் குறையும். அவற்றுக்கு மட்டும் பேஸ் கோட்டை மெல்லிசாக, பிரஷால் தேய்த்துப் பரப்பி இறுக்கிக்கொள்வது நல்லது.

நிறம் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம், இரண்டாவது சரி செய்யும். தடிமனாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் மேல்பகுதி வெளிச்சத்தை மறித்து, அடிப்பகுதி இறுகாமல், சுருக்கம் விழும். தோலுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு முடி அகலம் இடம் விடுங்கள். நுனி விளிம்பை ஒவ்வொரு பூச்சிலும் பிரஷால் ஒருமுறை மூடுங்கள், டாப் கோட்டிலும். தோலில் பட்டதை லேம்பில் வைப்பதற்கு முன்பே குச்சியால் எடுத்துவிட வேண்டும்.

எல்இடி லேம்பில் ஒரு பூச்சுக்குப் பொதுவாக 30 முதல் 60 விநாடி, 36 வாட் யூவி குழாய் லேம்பில் சுமார் 2 நிமிடம். பாட்டிலில் போட்டிருக்கும் நேரமே கணக்கு. வாட் ஒன்றாக இருந்தாலும் லேம்பின் அலைநீளமும் ஜெல்லின் ஒளித்தூண்டியும் பொருந்தாவிட்டால் இறுகாது. ஆகவே ஜெல்லும் லேம்பும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருப்பது பாதுகாப்பு. நான்கு விரலோடு சேர்த்துக் கட்டைவிரலை வைத்தால் அது பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், வெளிச்சம் ஒருபக்கம்தான் படும். கட்டைவிரல்களைத் தனியாக வையுங்கள்.

கோளாறும் காரணமும்

டாப் கோட் முழுசாக, ஒரே தகடாக உரிந்து வந்தால் காரணம் ஃபைல் படாத மேற்பரப்பு, இல்லையென்றால் எண்ணெய் அல்லது தூசி. அக்ரிலிக்கே பிசுபிசுப்பாக, ஃபைலில் ஒட்டுவதுபோல் இருந்தால் திரவம் அதிகமாகிவிட்டது என்று பொருள். அதன்மேல் உடனே ஜெல் போடாதீர்கள்.

துடைத்ததும் மங்கினால் முதலில் லேம்பைப் பாருங்கள். யூவி குழாய்கள் எரிந்துகொண்டிருக்கும்போதே வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. தினமும் வேலை நடக்கும் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். லேம்ப் சரியாக இருந்தால், சூடு ஆறுவதற்கு முன் துடைத்ததோ, ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோன் எடுத்ததோ காரணமாக இருக்கலாம்.

நகத்தின் குறுக்கே, உச்சி மேட்டில் விரிசல் விழுந்தால் டாப் கோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே அக்ரிலிக் மெலிந்திருக்கிறது. ஜெல் மெல்லிய மேல்தோல் மட்டுமே, கட்டுமானத்தின் குறையை அது தாங்காது. அதேபோல், டியூப்லைட்டின் பிம்பம் நகத்தின் மேல் வளைந்து நெளிந்து தெரிந்தால் மேடுபள்ளம் அக்ரிலிக்கில்தான் இருக்கிறது. டாப் கோட் அதை இன்னும் எடுப்பாகக் காட்டும்.

நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம் வந்தால் உடனே நிறுத்தி, தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இறுகாத மெத்தாக்ரிலேட் தோலில் மறுபடி மறுபடி படுவதால் வரும் ஒவ்வாமை அது, ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஹீமா (HEMA) என்ற மெத்தாக்ரிலேட் சேர்ந்த நகப் பொருட்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்ததற்குக் காரணம் இதுவே. டிபிஓ (TPO) என்ற ஒளித்தூண்டிக்கு அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடை. அது ஒவ்வாமைக்காக அல்ல, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரலாம் என்ற வகைப்பாட்டுக்காக. பழைய பாட்டில் கையில் இருந்தால் லேபிளைப் பாருங்கள்.

யாருக்கு எது, எடுப்பது எப்படி

பிங்க்-வெள்ளை அக்ரிலிக்கை அப்படியே காட்ட விரும்புபவர்களுக்கு நிறமற்ற ஹார்டு டாப் கோட். ஒரே நிறத்தோடு அடுத்த ரீஃபில் வரை, அதாவது 2 முதல் 3 வாரம், இருக்க முடிந்தவர்களுக்கு ஜெல் நிறம். மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஹார்டு டாப் கோட் மேல் சாதா பாலிஷ். லேம்ப் இல்லாத இடத்தில், ஓரிரு நாள் விசேஷத்துக்கு மட்டும் பஃபிங்.

ரீஃபிலின்போது ஜெல்லை 180 கிரிட் ஃபைலாலோ, பழகிய கையில் மின் ஃபைலாலோ எடுங்கள். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடு உள்ளே இறங்கும். தூசியின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். ஜெல் நிறத்தில் இருந்த தூசி, அக்ரிலிக்கின் நிறத்துக்கு மாறியதும் நிறுத்துங்கள். நிறமற்ற டாப் கோட் என்றால் தூசி வேறுபாடு காட்டாது, மினுமினுப்பு போய் முழுக்க மங்கியதும் போதும். முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மங்கிய அந்தப் பரப்பு புது அக்ரிலிக்கை ஏற்கத் தயார். ஓரத்தில் தூக்கிய பகுதி ஏதாவது இருந்தால் மட்டும், புதிதாக நிரப்புவதற்கு முன் அதைத் தேய்த்துச் சமமாக்கிவிடுங்கள். அடியில் ஈரம் தங்கினால் பச்சைக் கறை படியும், அதன்மேல் எதையும் போடக் கூடாது.