ஜெர்கின் பாக்கெட்டில் கம்ப்யூட்டர்: தமிழ் அடிக்கிறவர்கள் கீபோர்டைப் பார்த்து வாங்குங்கள்

குட்டி லேப்டாப் ஒன்று: 7 அங்குலத் திரை, 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ், முழு விண்டோஸ், எடை அரைக் கிலோவுக்குள். சீனத் தயாரிப்பு, பழையதாகத்தான் வாங்கினேன். விளம்பரப் படத்தில் காட்டுவது போல பேன்ட் பாக்கெட்டில் எல்லாம் நுழையாது. ஆனால் ஊட்டியில் ஜெர்கின் இல்லாமல் யார் வெளியே போகிறார்கள்? உள்பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்தால் கச்சிதமாக உட்காருகிறது. நஞ்சநாட்டிலிருந்து காலேஜுக்குக் காலை பஸ்ஸில் காரட் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று வருகிறவனுக்கு, அதுவும் அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பைத் தோளில் தொங்கவிட்டு வந்தவனுக்கு, இது பெரிய விஷயம்.

வேகம் போதும். வேர்டு, பிரவுசர், பிடிஎஃப் எல்லாம் ஓடுகின்றன.

பிரச்சினை கீபோர்டில். யூடியூப்பில் ரிவ்யூ போடுகிறவர்கள் ஆங்கிலத்தில் நாலு வரி அடித்துவிட்டு "பழகினால் சரியாகிவிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். இடம் போதாமல் வலது ஓரத்துப் பட்டன்களை, அதாவது அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சதுர அடைப்பு இதையெல்லாம் பாதி அகலத்துக்கு நசுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அவை எப்போதாவது தொடுகிற குறிகள், ஆனால் தமிழ்நாடு அரசின் கீபோர்டு அமைப்பான தமிழ்99-இல் ந, ய, ச, ஞ உட்காருவதே அங்கேதான்! நஞ்சநாடு என்று எங்கள் ஊர்ப் பெயரையே அடித்துப் பாருங்கள்: ந, ஞ, ச, மறுபடி ந, நாலுக்கும் வலது சுண்டுவிரல் அந்தச் சந்துக்குள் போய் வர வேண்டும். கீமேன் டெவலப்பர் என்ற மென்பொருள் இலவசம், அதில் எழுத்துகளை இடம் மாற்றி நமக்கென்று ஒரு லேஅவுட் செய்துகொள்ளலாம், ஆனால் அப்புறம் காலேஜ் கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்தால் விரல் குழம்பும். ammaa என்று ஆங்கில எழுத்தில் அடித்து 'அம்மா' வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, தாராளமாக வாங்கலாம்.

திரை 1920×1200. இவ்வளவு சின்ன இடத்தில் அதை அப்படியே வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. 200 சதவீதம் பெரிதாக்கினால் வேர்டின் மெனு போக சில வரிகள்தான் மிஞ்சும். அதனால் வகுப்புக் குறிப்பும் அசைன்மென்டின் முதல் வரைவும் மட்டும் இதில், பக்கம் அமைப்பதெல்லாம் லேப்பில். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் ஸ்கேன் புத்தகங்களைப் படிக்கத் திரையை நெட்டுவாக்கில் திருப்பிவிட்டு, மெஷினையே புத்தகம் போலப் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு அருமை.

ஜனவரி உறைபனியில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. லித்தியம் பேட்டரி குளிரில் அப்படித்தான், ஜெர்கினுக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால் கொஞ்சம் தாங்கும். (ஃபேன் ஓட ஆரம்பித்தால் அடிப்பாகம் சுடும். காலை முதல் பீரியடில் நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.) மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் பவர்பேங்க் உதவும், பவர் டெலிவரி (PD) என்கிற வேக சார்ஜிங் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண 5 வோல்ட்டில் ஆமை வேகம்.

ரிப்பேர்தான் தலைவலி. இங்கே திறந்து பார்க்கவே யோசிக்கிறார்கள், கோயம்புத்தூரில் கேட்டால் "பேட்டரியை நீங்களே வரவழைத்துக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். ஆகவே பழையது வாங்குகிறவர்கள் விற்கிறவர் முன்னாலேயே நோட்பேடைத் திறந்து அந்த ஓரப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். பிறகு மெஷினை மூடி மேஜைமேல் வையுங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு, எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.